அறுபதில் வரவேண்டிய பணம்

கஜானா காலி என்கிறது அரசு. உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு இதுதான் பதிலா என்று கேட்கிறார்கள் மக்கள். பட்ஜெட்டை எதிர்பார்த்து நிற்கும் மொரீஷியஸ் தீவின் கோபமும் எதிர்பார்ப்பும்.

ஜூன் மாதம் மொரீஷியஸில் குளிர்காலம். சனிக்கிழமை காலையில் காத்ர் போர்ன் நகரத்துக் காய்கறிச் சந்தைக்குப் போனால், மலைப்பக்கமிருந்து இறங்கும் சாரல் ஆளை நடுங்கவைக்கும். சௌசௌவும் பூசணியும் குவிந்து கிடக்கும். கட்டுக்கட்டாக முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், மல்லித்தழை. தால் பூரி விற்பவரின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை. ஏதாவது ஒரு கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருக்கும். நேயர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொலைபேசியில் வந்து கிரியோல் மொழியில் கொட்டித்தீர்ப்பார்கள். பால் பவுடர் விலை, பெட்ரோல் விலை, மூன்று நாளாகக் குழாயில் வராத தண்ணீர், மகனுக்குக் கிடைக்காத வீட்டுக்கடன். பேச்சு எங்கே தொடங்கினாலும் பென்ஷனில் வந்து நிற்கும். தராசைப் பிடித்திருக்கும் பெண்மணி அப்போதுதான் நிமிர்ந்து ரேடியோவைப் பார்ப்பார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ இருக்கும்.

அந்த வயதுக்காரர்களிடம்தான் இந்தக் கட்டுரையின் மையம் இருக்கிறது.

மொரீஷியஸின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதனால் பட்ஜெட் ஜூன் முதல் பாதியில் வாசிக்கப்படும். அதற்கு முந்தைய வாரங்களில் நிதியமைச்சகம் தொழிற்சங்கங்களையும் தொழில் அமைப்புகளையும் அழைத்துப் பேசும், பொதுமக்களிடமும் யோசனை கேட்கும். ஒவ்வொரு சங்கமும் தன் கோரிக்கைப் பட்டியலை நீட்டும். முன்பெல்லாம் இந்தக் காத்திருப்பில் ஒரு திருவிழா எதிர்பார்ப்பு இருந்தது. எவ்வளவு கூட்டுவார்கள், எதற்குச் சலுகை, எதற்கு மானியம் என்பதே பேச்சு. 2025 ஜூன் 5 அன்று வாசிக்கப்பட்ட பட்ஜெட் அதை மாற்றிவிட்டது. இப்போது மக்கள் எதைக் கொடுப்பார்கள் என்று கேட்பதற்கு முன்னால், எதைப் பிடுங்குவார்கள் என்று கேட்கிறார்கள்.

கப்பலில் வரும் சமையலறை

மொரீஷியஸின் முதன்மைத் தீவு நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. ரோட்ரிக்ஸ் உள்ளிட்ட சிறு தீவுகளையும் சேர்த்தால் மக்கள்தொகை சுமார் 12.6 லட்சம். அரிசி, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், பெட்ரோல், சமையல் எரிவாயு என்று அன்றாடம் வேண்டியவற்றில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்து இறங்குகிறது. பெட்ரோலையும் எரிவாயுவையும் ரேஷன் அரிசியையும் அரசு வணிகக் கழகமே இறக்குமதி செய்கிறது. ஆகவே விலை ஏறினால் மக்கள் கடைக்காரரைத் திட்டுவதில்லை. நேராக அரசைத்தான் கேட்கிறார்கள்.

2019இல் ஒரு டாலருக்குச் சுமார் 36 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் அது 46 ரூபாயை எட்டியது. கோவிட் காலத்தில் சுற்றுலா படுத்ததும், அதைத் தாங்கிப்பிடிக்க மத்திய வங்கி பணத்தை இறைத்ததும், உலகெங்கும் சரக்குக் கட்டணம் ஏறியதும் சேர்ந்து செய்த வேலை இது. சம்பளச் சீட்டில் எண் கூடிக்கொண்டே போக, சந்தைப்பை இலேசாகிக்கொண்டே வந்தது. 2021 பட்ஜெட்டில் தடுப்பூசிச் செலவுக்கென்று ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் 2 ரூபாய் சேர்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு பல காலம் ஆன பிறகும், பம்புக்குப் போகும்போதெல்லாம் மக்கள் அதை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார்கள். சிறிய தீவில் இப்படிப்பட்ட 2 ரூபாய்கள் மறக்கப்படுவதில்லை.

பெட்டிச் செய்தி: எண்களில் தீவு

சுதந்திரம்: 1968 மார்ச் 12. குடியரசு: 1992.
வாட் வரி: 15 சதவீதம்.
குறைந்தபட்ச மாதச் சம்பளம் (2025): 17,110 மொரீஷியஸ் ரூபாய்.
முதியோர் அடிப்படை ஓய்வூதியம் (2025): மாதம் சுமார் 15,000 ரூபாய்.
அரசுக் கடன் (2025 ஜூன்): சுமார் 64,200 கோடி ரூபாய். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம்.
ஒரு மொரீஷியஸ் ரூபாய் நம் ரூபாயில் ஏறக்குறைய இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

தேர்தலுக்குத் தேர்தல் ஏறிய ஏலம்

இந்தத் தீவை வளர்த்தது கரும்பு. சர்க்கரைக்கு ஐரோப்பா உத்தரவாத விலை கொடுத்தது. 1970களில் ஏற்றுமதித் தொழிற்பேட்டைகளில் துணி ஆலைகள் வந்தன, பிறகு சுற்றுலா, பிறகு வெளிநாட்டு நிதி நிறுவனங்கள். 1961இல் இந்தத் தீவைப் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பார்த்து இந்த நாட்டின் எதிர்காலம் பற்றி இருண்ட சித்திரமே வரைந்தார். தீவு அதைப் பொய்யாக்கியது. பணம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பணக்காரத் தோட்ட முதலாளிகளும் ஏழைக் கூலிகளும், இந்திய வம்சாவளியினரும் கிரியோல்களும் சீனர்களும் ஒரே தீவில் ஒருவரோடொருவர் மோதாமல் வாழ, அரசு ஒரு நலத்திட்ட வலையை விரித்துவைத்தது. இலவசப் பள்ளி, இலவச மருத்துவமனை, மாணவர்களுக்கும் முதியோருக்கும் இலவசப் பேருந்து. இவற்றின் தலையில் முதியோர் ஓய்வூதியம்.

ஓய்வூதியம் 1950இல் தொடங்கியது. 1958இல் வருமான வரம்பையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கரும்பு வெட்டியவருக்கும், அந்தக் கரும்பின் முதலாளிக்கும், வயதானால் அதே தொகை. சந்தா கட்டத் தேவையில்லை, எங்கே வேலை பார்த்தாய் என்ற கேள்வியும் இல்லை. வீட்டை மட்டுமே கவனித்து, ஒருநாளும் சம்பளம் வாங்காத பெண்ணுக்கும் கிடைக்கும். பல பெண்களுக்கு வாழ்க்கையில் தன் பெயருக்கென்று வரும் முதல் பணமே இதுதான். இந்தியாவில் ஆயிரமோ ஆயிரத்து இருநூறோ வாங்கும் முதியோரை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அருமை நமக்குப் புரியும்.

இதில் கைவைத்தவர்கள் பட்டதும் உண்டு. 2004இல் அன்றைய கூட்டணி அரசு வசதியானவர்களுக்கு ஓய்வூதியத்தை நிறுத்த முயன்றது. அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றது. எல்லோருக்கும் மறுபடி தருவேன் என்று சொல்லி 2005இல் ஆட்சிக்கு வந்து, சொன்னபடி செய்தவர் நவீன் ராம்கூலம். அவர் பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் இது தேர்தல் ஏலமாகவே ஆகிவிட்டது. 2014 தேர்தலில் எதிரணி 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. மூவாயிரத்துச் சொச்சமாக இருந்த தொகை அது. ராம்கூலம் ஆட்சியை இழந்தார், தன் தொகுதியையும் இழந்தார். 2019 தேர்தலில் அன்றைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் ஐந்தாண்டுக்குள் 13,500 ரூபாய் என்றார். அந்தக் கையோடு தொகை 9,000 ஆக உயர்ந்தது. 2024 தேர்தலில் 14ஆவது மாதச் சம்பளம் என்ற வாக்குறுதியும் கூடவே வந்தது. ராம்கூலத்தின் மாற்றத்துக்கான கூட்டணி எல்லோருக்கும் இலவசப் பேருந்து, இளைஞர்களுக்கு இலவச இணையம், விலை குறைந்த பெட்ரோல் என்று அடுக்கியது. 2024 நவம்பர் 10 அன்று நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 62 இடங்களில் 60 இடங்களை அந்தக் கூட்டணி அள்ளியது. ஜக்நாத்தின் கட்சி முதன்மைத் தீவில் ஓர் இடத்தைக்கூட வெல்லவில்லை.

இத்தனை வாக்குறுதிகளுக்கு நடுவில் ஒன்றை மட்டும் யாரும் மேடையில் சொல்லவில்லை: ஓய்வூதிய வயதை உயர்த்துவோம் என்பதை.

ஜூன் 5, 2025

பதவியேற்ற சில வாரங்களில் புதிய அரசு நாட்டின் நிதிநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய ஆட்சி வளர்ச்சிக் கணக்கை ஊதிப் பெருக்கிக் காட்டியது, கடன் சொன்னதைவிட அதிகம், பற்றாக்குறையும் அதிகம் என்றது அந்த அறிக்கை. 2025 ஜனவரி இறுதியில் மூடீஸ் நிறுவனம் மொரீஷியஸின் கடன் தகுதி பற்றிய கணிப்பை எதிர்மறையாக்கியது. முதலீட்டுக்கு ஏற்ற நாடு என்ற தகுதியின் கடைசிப் படியில் நின்றது தீவு. இன்னும் ஒரு படி இறங்கினால் வெளிநாட்டு நிதி நிறுவனங்களை நம்பியிருக்கும் வங்கித்துறை ஆட்டம் காணும். இந்த அச்சம் கற்பனை இல்லை. அரசின் கஷ்டத்தை மறுப்பவர்கள் இந்தப் பகுதியையும் படிக்கவேண்டும்.

பிரதமரும் நிதியமைச்சருமான ராம்கூலம் வாசித்த பட்ஜெட்டின் தலைப்பே பாதாளத்திலிருந்து செழிப்புக்கு என்பதுதான். 9.8 சதவீதமாக இருந்த பற்றாக்குறையை ஒரே ஆண்டில் 4.9 சதவீதமாகக் குறைப்பது இலக்கு. ஏறக்குறையப் பாதி. வருமான வரி வரம்பு ஆண்டுக்கு 3.9 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நல்ல செய்தி. பெரும் வருமானக்காரர்கள்மீதும் பெரிய நிறுவனங்கள்மீதும் கூடுதல் பங்களிப்பு விதிக்கப்பட்டது. சிகரெட், மது, கார் எல்லாவற்றுக்கும் வரி ஏறியது. இவையெல்லாம் ஒருநாள் பேச்சு.

ஓய்வூதியம் கிடைக்கும் வயது 60இலிருந்து படிப்படியாக 65 ஆகும், 2025 செப்டம்பரிலிருந்து அது தொடங்கும் என்ற அறிவிப்புதான் தீவை உலுக்கியது. ஆகஸ்ட்டில் அறுபதைத் தொட்டவர் பணம் வாங்குவார். சில வாரம் கழித்துப் பிறந்த பக்கத்துவீட்டுக்காரர் காத்திருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைவான அவகாசம். அறுபதாவது பிறந்தநாளில் பணம் வரும் என்று நம்பி மகள் திருமணத்துக்குக் கடன் வாங்கியவர், வீட்டுக்கூரையை மாற்ற ஆள் பேசியவர், வேலையை விட்டுவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னவர் எல்லோருக்கும் கணக்கு ஒரே மாலையில் தலைகீழானது.

தொழிற்சங்கங்கள் வீதிக்கு வந்தன. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், எதிர்க்கட்சியின் வேலையையும் வீதிதான் செய்யவேண்டியிருந்தது. சமூகப் பாதுகாப்புத் துறை அமைச்சர் அசோக் சுப்ரோன் பல ஆண்டுகள் தொழிலாளர்களோடு தெருவில் நின்று போராடியவர். அவரே இந்தச் சட்டத்தின் பக்கம் நிற்கவேண்டி வந்ததைத் தோழர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு, வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் உதவித்தொகை என்று அரசு இறங்கிவந்தது. வயது மட்டும் மாறவில்லை.

எல்லா அறுபதும் ஒன்றல்ல

அரசின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைக் குழந்தைகூடப் பிறப்பதில்லை. வேலைக்கு ஆள் இல்லாமல் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். பணிஓய்வு வயதையே 2008இலிருந்து பத்தாண்டுகளில் 65க்கு உயர்த்திவிட்டார்கள். அதனால் அறுபதிலிருந்து அறுபத்தைந்து வரை சம்பளமும் ஓய்வூதியமும் சேர்த்து வாங்குபவர்கள் கணிசம். வங்கி மேலாளருக்கும் அரசு உயர் அதிகாரிக்கும் அந்த ஐந்தாண்டு ஓய்வூதியம் கூடுதல் வரவு. அதை நிறுத்தினால் அவர்கள் வீட்டு அடுப்பு அணையப்போவதில்லை.

ஆனால் ஒரு சட்டம் எழுதும்போது அந்த மேலாளரை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட முடியுமா?

கரும்புத் தோட்டத்தில் பதினாறு வயதில் இறங்கிய பெண்ணுக்கு அறுபது வயதில் முதுகு நிமிராது. கட்டட வேலை செய்தவருக்கு முழங்கால் மடங்காது. துணி ஆலையில் முப்பது ஆண்டு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவருக்குக் கண் தெரியாது, தோள் வலி தீராது. ஆலைகள் பல மூடப்பட்டபோது ஐம்பது வயதில் வேலையை இழந்து, வீட்டு வேலைக்கும் ஹோட்டல் அறை சுத்தம் செய்வதற்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களை அறுபத்து மூன்று வயதில் யார் வேலைக்கு வைப்பார்கள்? சர்க்கரை நோய் இந்தத் தீவின் பெரும் சாபம். உலகிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாக மொரீஷியஸ் எண்ணப்படுகிறது. அறுபதைத் தொடும்போதே காலில் புண், சிறுநீரகக் கோளாறு, மங்கிய பார்வை என்று பலர் இருக்கிறார்கள்.

2018இல் பள்ளிகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் தலைநகர் போர்ட் லூயியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் அவர்களுக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 1,500 ரூபாய். நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில் நடந்தது இது. பட்டினி கிடந்துதான் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள். அத்தகைய பெண்களுக்குச் சேமிப்பு என்று என்ன இருக்கும்? அறுபதில் வரும் 15,000 ரூபாய்தான் அவர்கள் வாழ்நாளிலேயே பார்க்கப்போகும் பெரிய தொகை. இந்தச் சீர்திருத்தம் அவர்களிடமிருந்து எடுப்பதும் ஐந்து ஆண்டு, வங்கி மேலாளரிடமிருந்து எடுப்பதும் ஐந்து ஆண்டு. தாளில் இது சமத்துவம். உடம்பில் இது அநீதி என்றே நான் சொல்வேன்.

இன்னொரு காயமும் உண்டு. 2020இல் கோவிட் வந்தபோது மத்திய வங்கியின் பணத்திலிருந்து 8,000 கோடி ரூபாயில் ஒரு முதலீட்டு நிறுவனம் அமைத்து, ஹோட்டல்களுக்கும் பெரிய குழுமங்களுக்கும் கைகொடுத்தார்கள். அதே ஆண்டில் அரசின் செலவுக்கும் மத்திய வங்கி 6,000 கோடி கொடுத்தது. வேலைகளைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ரூபாயின் மதிப்பு விழுந்து, அதன் விலையைச் சந்தையில் கொடுத்தவர்கள் ஏழைகள். இப்போது கடன் என்று சொல்லி அதே ஏழைகளிடம் மறுபடி வருகிறார்கள் என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வரியில்லாமல் கார், அவர்களுக்கென்று தனி ஓய்வூதியம் என்று பேச்சு திரும்பும்போது குரல் உயர்வது இதனால்தான். அந்தச் சலுகைகளை ரத்துசெய்து மிச்சமாகும் பணம் பெரிதில்லை என்று நிபுணர்கள் சொல்லலாம். மக்கள் கேட்பது தொகையை அல்ல. தங்களோடு சேர்ந்து அவர்களும் கொஞ்சம் இழக்கிறார்களா என்பதை.

பெட்டிச் செய்தி: ரூபாய் நோட்டில் தமிழ்

பட்ஜெட்டில் எண்ணப்படும் ஒவ்வொரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்தும் எண்ணும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்தார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கிய இடம் ஆப்ரவாசி காட். 2006இல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. 1998இல் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டபோது தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2024 வரை நிதியமைச்சராக இருந்து பட்ஜெட் வாசித்தவர் ரெங்கநாதன் படையாச்சி. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை.

தண்ணீர் வராத குழாய், வாங்க முடியாத மனை

பென்ஷன் பேச்சின் சத்தத்தில் மற்றவை அமுங்கிவிடக் கூடாது. முதலாவது தண்ணீர். கூர்பிப் மேட்டுநிலத்தில் ஆண்டு முழுக்க மழை. ஆனாலும் கோடையில் பல ஊர்களுக்கு நாளுக்குச் சில மணி நேரம்தான் தண்ணீர். சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கு மேல் பழைய குழாய்களில் ஒழுகி, கணக்கில் வராமல் போகிறது. 2025 தொடக்கத்தில் வறட்சி வந்தபோது மார் ஓ வக்வா நீர்த்தேக்கத்தின் அடிமண் தெரிந்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றார்கள். 24 மணி நேரத் தண்ணீர் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். அணை கட்டுவதைவிடக் குழாய் மாற்றுவது மலிவு, ஆனால் குழாய்க்குத் திறப்புவிழா நடத்த முடியாது. பட்ஜெட்டில் இதற்கென்று ஒதுக்கும் தொகையைவிட, எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றினார்கள் என்ற கணக்கையே ஆண்டுதோறும் முதலில் கேட்கவேண்டும்.

இரண்டாவது நிலம். 2002 முதல் வெளிநாட்டுப் பணக்காரர்கள் இங்கே மாளிகை வாங்க ஒரு திட்டத்துக்குப் பின் இன்னொன்றாக வழி செய்தார்கள். 3,75,000 டாலருக்கு மேல் அனுமதிக்கப்பட்ட திட்டங்களில் வீடு வாங்கினால் தங்கும் உரிமை சேர்ந்தே வருகிறது. கரும்பு விளைந்த கடலோர நிலம் வேலிபோட்ட குடியிருப்பாகிறது. டாலர் உள்ளே வருகிறது, உண்மைதான். அதோடு மனை விலையும் மேலே போகிறது. பெற்றோர் வீட்டு மாடியில் இன்னொரு தளம் எழுப்பிக் குடியேறுவதே பல இளம் தம்பதிகளுக்கு மிஞ்சியிருக்கும் வழி.

மூன்றாவது, அந்த இளைஞர்களே. பல்கலைக்கழகப் படிப்பு 2019இலிருந்து இலவசம். படித்து முடித்தவர்கள் கனடாவையும் பிரான்சையும் ஆஸ்திரேலியாவையும் பார்க்கிறார்கள். ஹோட்டல் பயிற்சி பெற்றவர்கள் உல்லாசக் கப்பல்களில் ஏறிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு எவ்வளவு, வயதானவர்களுக்கு எப்போது என்றே பத்தாண்டுகளாகப் பேசிய அரசியலில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்கள் நினைத்தால் தப்பில்லை. இலவச இணையம் அவர்களைத் தடுத்து நிறுத்தப்போவதில்லை.

சாகோஸ் பணம்

2025 பட்ஜெட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, மே 22 அன்று, பிரிட்டனும் மொரீஷியஸும் சாகோஸ் தீவுகள் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சுதந்திரத்துக்கு முன்பே, 1965இல் பிரிட்டன் பிரித்தெடுத்துக்கொண்ட தீவுகள் அவை. அவற்றின் இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியேகோ கார்சியா ராணுவத் தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு பிரிட்டனிடம். முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்டு. மொரீஷியஸ் ரூபாயில் அது சுமார் 1,000 கோடி. ராம்கூலத்தின் பட்ஜெட் கடனைக் குறைக்க இந்தப் பணத்தையும் எண்ணிக்கொண்டது.

இரு நாடுகளும் சட்ட நடைமுறைகளை முடித்து, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபிறகே பணம் நகரும். அந்தத் தளத்தைப் பயன்படுத்துவது அமெரிக்கா என்பதால் வாஷிங்டனின் மனமும் இதில் சேர்த்தி. போர்ட் லூயியின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு வரவை நம்பி வீட்டுக்கணக்கு போடுவது ஆபத்து.

இந்தப் பணத்தில் முதல் உரிமை யாருக்கு? 1968க்கும் 1973க்கும் இடையே தங்கள் தீவுகளிலிருந்து அகற்றப்பட்டு, ரோஷ் புவா, காசிஸ் போன்ற போர்ட் லூயிப் பகுதிகளில் கைவிடப்பட்டவர்கள் சாகோசியர்கள். நாய்களைக் கொன்று, தேங்காய்த் தோட்டத்தை மூடி, கப்பலில் ஏற்றினார்கள். அப்போது குழந்தைகளாக வந்தவர்களிலும் பலர் இப்போது அறுபதைத் தொட்டுவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கென்று 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி பற்றி ஒப்பந்தம் சொல்கிறது. பிறந்த மண்ணைத் திருப்பித் தராமல் அதன் வாடகையில் நாட்டுக்கடனை அடைப்பதா என்ற அவர்கள் கேள்விக்கு எந்த பட்ஜெட் உரையும் இன்னும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. டியேகோ கார்சியாவில் அவர்கள் இன்றும் குடியேற முடியாது.

ஜூனுக்கு முன் கேட்கவேண்டியவை

சங்கங்களின் கோரிக்கைகளில் பழையன பல: விலைவாசிக்கு ஏற்ற சம்பள உயர்வு, பால் பவுடருக்கும் மருந்துக்கும் மானியம், பெட்ரோல்மீது ஏறிக்கிடக்கும் தீர்வைகளைக் குறைப்பது. அவற்றில் சில கிடைக்கும், சில கிடைக்காது. கஜானாவைப் பார்த்தால் நிறையக் கிடைக்கப்போவதில்லை என்பது கேட்பவர்களுக்கும் தெரியும்.

பென்ஷன் விஷயத்தில் கேட்பது வேறு. உடல் உழைப்புத் தொழில்களில் இத்தனை ஆண்டு இருந்தவர்களுக்கு அறுபதிலேயே கொடுங்கள் என்கிறார்கள். கரும்பு, கட்டடம், துப்புரவு, மீன்பிடி, துணி ஆலை என்று தொழில்களை வரையறுப்பது கடினமான வேலைதான். பிரான்சில் கடும் உழைப்புத் தொழில்களுக்குத் தனிக் கணக்கு வைக்க முயன்று, அதில் பல சண்டைகளைப் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு தீவில், ஒவ்வொரு முதலாளியும் சந்தா கட்டிய தேசிய ஓய்வூதிய நிதியின் பதிவேடுகள் 1978 முதல் இருக்கும்போது, யார் எந்த வேலையில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வது ஏற்புடையதாக இல்லை. அந்த நிதியை 2020இல் முந்தைய அரசு கலைத்துவிட்டு, வேறொரு பங்களிப்பு வரியை அதன் இடத்தில் வைத்தது. பழைய நிதியில் நீங்கள் கட்டிய பணம் உங்கள் பெயரில் இருந்தது. இப்போது கட்டுவது அரசின் பொதுக்கணக்கில் கலக்கிறது. அந்த நிதியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் குரல்கள் நியாயமானவை. ஐம்பது வயதில் இருப்பவர்களைவிட இருபத்தைந்து வயதில் இருப்பவர்களுக்கே அது அதிகம் தேவை.

வீட்டிலேயே உழைத்து, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பெண்களை அந்தக் கணக்கு தவறவிடும். அவர்களுக்கு வருமான உதவி என்று அரசு சொன்னது, விண்ணப்பம், சான்றிதழ், வீட்டுக்கு வந்து விசாரணை என்று முடிந்தால், 1958இல் இந்த நாடு கைவிட்ட அவமானத்தை மறுபடி கொண்டுவந்ததாகவே ஆகும்.

அரசு வைத்திருக்கும் ஓய்வூதியக் கணக்கீடு முழுமையாக வெளிவரவேண்டும். அறுபதில் கொடுத்தால் எவ்வளவு, அறுபத்து மூன்றில் எவ்வளவு, அதிக வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் தள்ளிப்போட்டால் எவ்வளவு மிச்சம், உடல் உழைப்பாளிகளை விலக்கினால் எவ்வளவு கூடுதல். பட்ஜெட் நாளன்று அமைச்சர் வாயிலிருந்து ஒரே ஒரு முடிவாக வராமல், குறைந்தது ஒரு மாதம் முன்பே, கிரியோல் மொழியில், சந்தையில் ஓடும் ரேடியோவில், தொழிற்சங்கப் பிரதிநிதியும் நிதியமைச்சக அதிகாரியும் நேருக்குநேர் உட்கார்ந்து, நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படியாக அது வரவேண்டும். அடுத்த தேர்தல் 2029 வரை இல்லை. 2025 செப்டம்பருக்குப் பிறகு அறுபதைத் தொட்டவர்களின் வரிசை மாதாமாதம் நீண்டுகொண்டிருக்கிறது.